டூல்பாத் காலியாக வருவதும் மூலையில் கட்டர் உடைவதும்: ஒரு பாக்கெட்டை முன்வைத்து

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 6061 அலுமினியத் தட்டில் 120க்கு 80 மிமீ அளவில் ஒரு பாக்கெட், அதாவது குடைந்தெடுக்க வேண்டிய பள்ளம். ஆழம் 18 மிமீ, நான்கு மூலையிலும் 5 மிமீ ரேடியஸ். உள்ளே ஒரு வட்ட மேடு நிற்கிறது. அது ஒரு பக்கச் சுவரை ஒட்டி, நடுவில் 10.8 மிமீ இடைவெளி மட்டும் விட்டு இருக்கிறது. கையில் இருப்பது 10 மிமீ, மூன்று ஃப்ளூட் (வெட்டும் பல்லும் அதை ஒட்டிய பள்ளமும்) கார்பைடு எண்ட் மில், அதாவது பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர். ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷன் சாஃப்ட்வேரில் முதல் முறை 2டி பாக்கெட் கொடுத்தபோது டூல்பாத் (கட்டர் போகும் பாதை) காலியாக வந்தது. ஏதேதோ மாற்றிய பிறகு வந்தது. ஓட்டினால் மூலையில் கட்டர் உடைந்தது. அப்புறம், கடிக்கும் அளவு மாறாமல் வெட்டும் 2டி அடாப்டிவுக்கு மாறினீர்கள். அது மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்துப் பகுதியை வெட்டாமல் விட்டுவிட்டது. “பாக்கெட்டுக்கு எந்த டூல்பாத் சரி?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. டூல்பாத் காலியாக வந்ததும், சந்து விடுபட்டதும் சாஃப்ட்வேருக்கு நாம் என்ன சொன்னோம் என்பதைப் பொறுத்தவை. கட்டர் உடைந்தது வெட்டும் விதத்தைப் பொறுத்தது. முதல் கோளாறுக்கு டூல்பாத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது பலன் தராது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறோம். நானும் முதல் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன். பதினெட்டு வருடமாகக் கோயம்புத்தூரில் ஜாப் வொர்க் செய்யும் ஷாப்களில் விஎம்சிக்கு (கம்ப்யூட்டர் இயக்கும் மில்லிங் மெஷின்) புரோகிராம் போடுகிறேன். பம்ப் பாகம், ஸ்பின்னிங் மெஷின் பாகம், ஃபிக்ஸர் தட்டு என்று எந்த வேலை வந்தாலும் பாக்கெட் இல்லாமல் வராது. மரத்துக்கு ரவுட்டர் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லும் ஃபீட் (கட்டர் நகரும் வேகம், நிமிடத்துக்கு மிமீ) எண்கள் பொருந்தாது. தேர்வு செய்யும் முறை பொருந்தும்.

ஒரு பாக்கெட்டைப் பற்றி சாஃப்ட்வேருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: சுவர் எங்கே, அடி எங்கே, உலோகம் இப்போது எங்கே இருக்கிறது. ஃப்யூஷனின் 2டி வேலைகள் உங்கள் மாடலைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த கோட்டையும், ஹைட்ஸ் பக்கத்தில் கொடுத்த உயரங்களையும் மட்டுமே பார்க்கும். மாடல் கண்ணெதிரே திரையில் நிற்பதால் அதை சாஃப்ட்வேரும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. நடுவில் மேடு இருந்தும் அதன் விளிம்பை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் 2டி பாக்கெட் அதன் நடுவே நேராகப் போகும். எச்சரிக்கையும் வராது. 3டி அடாப்டிவ், 3டி பாக்கெட் ஆகியவை மாடலைப் பார்த்துக் கணக்குப் போடுபவை. அவற்றுக்கு எல்லை கொடுத்தால் போதும், மேட்டைத் தாமே கண்டுகொள்ளும். ஆனால் கணக்குப் போட அதிக நேரம் எடுக்கும்.

இப்போது உங்கள் காலி டூல்பாத். “நோ பாஸஸ் டு லிங்க்” (இணைக்க வெட்டுப்பாதை ஏதும் இல்லை) என்று மஞ்சளில் ஒரு எச்சரிக்கை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன், நீங்கள் பாக்கெட்டின் மேல் விளிம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் தொடுவார்கள். மேலிருந்து பார்க்கும்போது அதுதான் முதலில் கைக்கு வருகிறது. ஆனால் 2டி பாக்கெட்டில் பாட்டம் ஹைட் என்பது, நாம் மாற்றாதவரை, “தேர்ந்தெடுத்த கோடு” என்று இருக்கும். மேல் விளிம்பைத் தேர்ந்தெடுத்தால் அடி என்பதும் மேல் விளிம்பிலேயே நிற்கும். ஸ்டாக்கின் (இன்னும் வெட்டாத மூல உலோகத்தின்) மேல்பகுதியும் அதே உயரத்தில் இருந்தால் வெட்ட ஒன்றுமே இல்லை, அதனால் காலி. ஸ்டாக்கை மாடலுக்கு மேல் 1 மிமீ கூடுதலாக வைத்திருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: டூல்பாத் வரும், ஆனால் அந்த 1 மிமீயை மட்டும் சீவிவிட்டு நிற்கும். “டூல்பாத் வருகிறது, ஆழம் போகவில்லை” என்று கேட்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

மாடலைத் திருப்பி, பாக்கெட்டின் அடியில் உள்ள விளிம்பைத் தொடுங்கள். இல்லையென்றால் அடி முகத்தையே தொடுங்கள். முகத்தைத் தொட்டால் வெளிச்சுற்றோடு மேட்டின் சுற்றும் தானாகச் சேர்ந்துகொள்ளும். நான் முகத்தைத் தொடுவதையே விரும்புகிறேன். மேல் விளிம்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பாட்டம் ஹைட்டைத் தனியாக அடி முகத்துக்கு மாற்றிவிடுங்கள். மேட்டின் விளிம்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒரே டூல்பாத்தைத்தான் தரும்.

முகத்தைத் தொடுவதில் ஒரு பொறி இருக்கிறது. சுவரும் அடியும் சேரும் இடத்தில் 1 மிமீ ஃபில்லட் (உருட்டிய ஓரம்) இருந்தால், அடி முகம் உண்மையான பாக்கெட்டைவிடச் சுற்றிலும் 1 மிமீ சிறியது. அதைத் தேர்ந்தெடுத்து பிளாட் எண்ட் மில்லில் ஓட்டினால் பாக்கெட் 120க்குப் பதில் 118 வரும். ஆபரேட்டர் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு கட்டர் ஆஃப்செட் (மெஷினில் கொடுக்கும் கட்டர் அளவுத் திருத்தம்) தப்பு என்று அதில் கை வைப்பார், அப்புறம் கோளாறு இன்னும் சிக்கலாகும். அப்படிப்பட்ட பாக்கெட்டில் ஃபில்லட் தொடங்கும் மேல் கோட்டைச் சுவராகக் கொடுத்து, ஆழத்தைக் கையால் கொடுத்து, முனை ஓரத்தில் அதே ரேடியஸ் உள்ள புல் நோஸ் கட்டரைப் போட வேண்டும். சுவர் சாய்வாக இருந்தால் 2டியை விட்டுவிடுங்கள். அது சுவரை எப்போதும் செங்குத்தாகத்தான் இறக்கும்.

உங்களிடம் சாலிட் மாடல் இருக்கிறது, அதனால் கோடு உடைந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பை (வெறும் கோடுகளாக வரும் வரைபடக் கோப்பு) வைத்து வேலை செய்யும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. பாக்கெட்டுக்கு மூடிய கோடு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 0.02 மிமீ இடைவெளி போதும், சாஃப்ட்வேர் அதைத் திறந்த கோடாக எடுத்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடு படிந்திருந்தாலும் சங்கிலி தவறான பக்கம் திரும்பும். ஃப்யூஷன் ஸ்கெட்சில் மூடிய பகுதிக்குள் மெல்லிய நிறம் நிரம்பி நிற்கும். நிறம் இல்லாவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆட்டோகேடில் ஓவர்கில் கட்டளை இரட்டைக் கோடுகளை நீக்கிவிடும், விகார்வ் சாஃப்ட்வேரில் ஜாயின் வெக்டர்ஸ் இடைவெளியை ஒட்டிவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். டூல்பாத் அமைப்புகளில் கை வைக்கும் முன்பே செய்துவிடுங்கள். அளவு 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் அது மிமீ, இன்ச் குழப்பம்.

சரி, அடாப்டிவ் விட்டுவிட்ட சந்து. இதற்கு உங்கள் எண்களே பதில் சொல்கின்றன. இடைவெளி 10.8. கட்டர் 10. நுழையும் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் 2டி அடாப்டிவைத் திறந்தவுடன் பாஸஸ் பக்கத்தில் ஸ்டாக் டு லீவ் (வெட்டாமல் விட வேண்டிய உலோகம்) 0.5 மிமீ என்று நிரப்பியே வைத்திருக்கும். பக்கவாட்டில் 0.5, அடியில் 0.5. சுவர்ப் பக்கம் 0.5, மேட்டுப் பக்கம் 0.5, கட்டர் 10, ஆக 11 மிமீ இடம் வேண்டும். உங்களிடம் இருப்பது 10.8. அதனால் அந்தச் சந்துக்குள் போக முடியாது என்று அது முடிவு செய்து, எதுவும் சொல்லாமல் மீதியை மட்டும் வெட்டிவிட்டது. ஸ்டாக் டு லீவை 0.3 ஆக்கியிருந்தால் 10.6 ஆகியிருக்கும், டூல்பாத் உள்ளே போயிருக்கும். ஆனால் போகச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். 10.8 இடைவெளிக்குள் 10 மிமீ கட்டர் போனால் முழு அகலமும் உலோகத்தில் புதைந்து ஸ்லாட் வெட்டுவது போலாகிவிடும். அடாப்டிவ் எடுப்பதன் பலனே அங்கே போய்விடுகிறது.

இந்த 0.5 இன்னொரு இடத்திலும் ஆளைக் கவிழ்க்கும். அடாப்டிவ் மட்டும் ஓட்டிவிட்டு அளந்து பார்த்து, பாக்கெட் 1 மிமீ சிறியதாகவும் அடி 0.5 மேடாகவும் இருக்கிறது என்று திகைப்பவர்கள் நிறையப் பேர். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அடாப்டிவ் ரஃபிங்குக்கானது (பெரும் பகுதியை முதலில் எடுப்பது), ஃபினிஷுக்கு வேறு வேலை பின்னால் வரும் என்று எதிர்பார்க்கிறது.

கட்டர் போக வேண்டிய இடத்தை விட்டுவிடுவதற்கு இன்னொரு காரணம் இறங்கும் வழி. ஹெலிக்ஸில் சுழன்று இறங்கச் சொல்லியிருப்போம். 12 மிமீ அகலமுள்ள ஒரு குறுகிய பாக்கெட்டில் 10 மிமீ கட்டரின் மையம் சுழல 2 மிமீ விட்டம்தான் கிடைக்கும். குறைந்தபட்ச ராம்ப் விட்டம் (இறங்கும் சுழலின் விட்டம்) அதைவிடப் பெரிதாகக் கொடுத்திருந்தால், அந்தப் பகுதிக்குள் இறங்க வழியில்லை என்று அதைக் கைவிட்டுவிடும். அதைக் குறையுங்கள், இல்லையென்றால் ஒரு டிரில் ஓட்டை போட்டு அங்கே இறக்குங்கள். நேராகக் குத்தி இறக்குவதைத் தவிர்க்கப் பாருங்கள். நடுமுனை வெட்டாத எண்ட் மில் என்றால் அது அங்கேயே முடிந்தது. பாக்கெட்டின் ஒரு பக்கம் தட்டின் விளிம்பில் திறந்திருந்தால் இறங்கும் பிரச்சினையே வேண்டாம், வெளியிலிருந்து நுழையலாம். ஆனால் அந்தப் பக்கம் வெறும் காற்றுதான் என்று நாம் சொல்ல வேண்டும். ஃப்யூஷனில் ஸ்டாக் கான்டூர்ஸ் கொடுப்பதும், மாஸ்டர்கேம் சாஃப்ட்வேரின் டைனமிக் மில்லில் “ஃப்ரம் அவுட்சைடு” தேர்ந்து ஏர் ரீஜன் கொடுப்பதும் அதற்குத்தான். சொல்லாவிட்டால் அது மூடிய பாக்கெட் என்று நினைத்து நடுவில் ஹெலிக்ஸ் போட்டு இறங்கும்.

இனி உடைந்த கட்டர். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டூல்பாத் தேர்வு என்பதே இங்கேதான் தொடங்குகிறது. 2டி பாக்கெட் என்ன செய்கிறது? சுவரின் வடிவத்தை உள்நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றுகளை வரைந்து, அவற்றின் மீது கட்டரை ஓட்டுகிறது. நேர்கோட்டில் போகும்போது 40 சதவீத ஸ்டெப் ஓவர் (சுற்றுக்கும் சுற்றுக்கும் உள்ள தூரம்) என்றால் 10 மிமீ கட்டர் 4 மிமீ அகலம் கடிக்கிறது. அப்போது கட்டரின் சுற்றளவில் சுமார் 78 டிகிரி மட்டும் உலோகத்தில் இருக்கிறது. அதே கட்டர் 90 டிகிரி மூலைக்கு வந்ததும், முன்னால் ஒரு சுவர், பக்கத்தில் ஒரு சுவர். கடிக்கும் கோணம் 78லிருந்து ஒரே நொடியில் ஏறக்குறைய 168க்குத் தாவுகிறது. ஃபீட்டும் ஆர்பிஎம்மும் மாறவில்லை, ஆனால் கட்டரின் சுமை இரண்டு மடங்குக்கு மேல். நேர்கோட்டில் அழகாகப் பாடிக்கொண்டு போகும் மெஷின் மூலையில் மட்டும் கிர்ர் என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் இந்தத் தாவல்தான்.

உங்கள் வேலையில் அதை இன்னொன்று மோசமாக்கியது. மூலை ரேடியஸ் 5. கட்டரின் ரேடியஸும் 5. கட்டரின் மையம் மூலையில் வளைந்து போக இடமே இல்லை. போய் முட்டி, நின்று, திரும்ப வேண்டும். நிற்கும் அந்தக் கணத்தில் பக்கம் முழுவதும் உரசிக்கொண்டிருக்கும், சாட்டர் (அதிர்வு) வரும், 18 மிமீ ஆழத்தில் சிப் (வெட்டிய உலோகச் சீவல்) வெளியேற வழியில்லாமல் அடைந்திருந்தால் கட்டர் உடையும். வரைபடத்தில் ஆர்5 என்றிருந்தால் 10 மிமீ கட்டரை எடுப்பது இயல்பாக வரும் தவறு. 8 மிமீ எடுங்கள். அப்போது மையம் 1 மிமீ ரேடியஸில் வளைந்து போகும். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: மையம் 1 மிமீ வளைவில் போகும்போது சுவரைத் தொடும் முனை 5 மிமீ வளைவில் போகிறது, அதாவது ஐந்து மடங்கு வேகத்தில். ஃபினிஷ் சுற்றில் 1000 ஃபீட் கொடுத்திருந்தால், சுவரில் அதே 1000 வேண்டுமென்றால் மூலையில் மைய ஃபீட் 200க்கு வர வேண்டும். ஃப்யூஷனில் ஃபீட் ஆப்டிமைசேஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது, உள் மூலைகளில் ஃபீடைக் குறைக்க அதைப் போட்டுக்கொள்ளலாம். இன்னும் சிறிய 6 மிமீ கட்டர் மூலைக்கு நல்லதுதான், ஆனால் வழக்கமாகக் கடையில் கிடைக்கும் 6 மிமீ கார்பைடு எண்ட் மில்லின் ஃப்ளூட் நீளம் 13 மிமீ. உங்கள் ஆழம் 18. எட்டாது.

அடாப்டிவ் இந்தத் தாவலைத் தவிர்க்கவே வந்தது. சுவரின் வடிவத்தைப் பின்பற்றாமல், கட்டர் கடிக்கும் அளவு மாறாமல் இருக்கும்படி பாதையை வளைத்துக்கொள்ளும். மூலைக்கு வந்தால் சிறு சிறு வளைவுகளாகச் சீவி எடுக்கும். ஃப்யூஷனில் இருப்பது எச்எஸ்எம்வொர்க்ஸ் வழியாக வந்தது. அந்த நிறுவனத்தை ஆட்டோடெஸ்க் 2012இல் வாங்கியது. மாஸ்டர்கேமில் டைனமிக், சாலிட்கேமில் ஐமெஷினிங், வேறு சில சாஃப்ட்வேர்களில் வால்யூமில். ஃப்ரீகேடிலும் அடாப்டிவ் என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. கணக்குப் போடும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு, எண்ணம் ஒன்றுதான்.

10 சதவீதம் மட்டும் கடிக்கும்போது கோணம் 37 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அப்போது சிப் மெலிந்துவிடும், பல்லுக்கு 0.05 கொடுத்தால் உண்மையில் வெட்டப்படும் சிப்பின் தடிமன் 0.03தான். அதனால் ஃபீடை 1.67 மடங்கு கூட்டினால்தான் நீங்கள் நினைத்த சிப் கிடைக்கும். இதைச் செய்யாமல், பாக்கெட்டுக்குக் கொடுத்த அதே ஃபீடில் அடாப்டிவை ஓட்டிவிட்டு “அடாப்டிவ் மெதுவாக இருக்கிறது” என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் குறைவாகக் கடித்து, ஆழத்தில் முழுதாக இறங்கி, ஃபீடைக் கூட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்துதான் அந்த முறை.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடாப்டிவ் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். ஆழம் கட்டர் விட்டத்தில் பாதிக்கும் குறைவு என்றால் நான் சாதாரண பாக்கெட்டையே எடுப்பேன். 3 மிமீ ஆழத்துக்கு அடாப்டிவ் கொடுத்தால் வெட்டுவதைவிடத் திரும்பி வரும் காற்று ஓட்டமே அதிகமாகிவிடும். அடிக்கு நல்ல ஃபினிஷ் வேண்டுமென்றால் கடைசி 0.2 மிமீயை பாக்கெட்டில்தான் எடுப்பேன். அடாப்டிவ் விட்டுச்செல்லும் பிறை பிறையான கோடுகள் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. பாக்கெட் எடுக்கும்போது ஸ்டெப் ஓவரை 50 சதவீதத்துக்குள் வைத்தால் எந்தக் கோணமுள்ள மூலையிலும் சிறு முளைகள் மிஞ்சாது. 90 டிகிரி மூலை மட்டும் என்றால் 85 சதவீதம் வரை தாங்கும், கூர்மையான மூலை வர வரக் குறையும்.

கன்ட்ரோலரையும் பார்க்க வேண்டும். அடாப்டிவ் பாதை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளால் ஆனது. பழைய மெஷினில் நினைவகம் போதாமல் கம்ப்யூட்டரிலிருந்து ஆர்எஸ்-232 கேபிளில் வரி வரியாக அனுப்பி (டிஎன்சி) ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 9600 பாட் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 960 எழுத்து. ஒரு வரிக்கு 24 எழுத்து என்று வைத்தால் நொடிக்கு 40 வரி. ஒவ்வொரு வரியும் 0.2 மிமீ நகர்த்தினால் நிமிடத்துக்கு 480 மிமீக்கு மேல் மெஷின் போகவே முடியாது. நீங்கள் 1600 ஃபீட் கேட்டிருப்பீர்கள். மெஷின் வரிக்காகக் காத்துக் காத்து நடுங்கிக்கொண்டே போகும், சுவரெல்லாம் தழும்பு. அங்கே ஸ்மூத்திங்கைப் போட்டு சிறு துண்டுகளை வளைவுகளாக மாற்றுங்கள், டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படியும் முடியாவிட்டால் சாதாரண பாக்கெட்டில் மெதுவாக ஓட்டுவதுதான் அந்த மெஷினுக்குச் சரியான தேர்வு. உங்கள் மெஷின் எது என்று எழுதவில்லை, ஆகவே இதை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று நான் பணம் கொடுத்துக் கற்றது. முன்பு வேலை செய்த ஒரு ஷாப்பில், 16 மிமீ ஹை ஹெலிக்ஸ் எண்ட் மில்லை ஈஆர் காலெட்டில் (கட்டரை இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட வளையம்) பிடித்து, அலுமினிய ஃபிக்ஸர் தட்டில் ஆறு பாக்கெட்டுக்கு அடாப்டிவ் கொடுத்தேன். சத்தம் அருமையாக இருந்தது, சிப் சீராகப் பறந்தது. அளந்தபோது முதல் பாக்கெட்டின் அடியில் நான் விட்டிருந்த 0.3 மிமீ அப்படியே இருந்தது. ஆறாவதில் அடி, வரைபட அளவைவிட 0.3 கீழே போயிருந்தது. சுழல் அதிகமான ஃப்ளூட், கட்டரை ஸ்பிண்டிலிலிருந்து கீழ்நோக்கி உருவப் பார்க்கும். பழைய காலெட், உள்ளே எண்ணெய்ப் படலம், அதனால் கட்டர் சிறிது சிறிதாக 0.6 மிமீ இறங்கிவிட்டது. தட்டு ஸ்கிராப். அன்றிலிருந்து 12 மிமீக்கு மேற்பட்ட கட்டரில் ஆழமான அடாப்டிவ் என்றால், பக்கத் திருகால் கட்டரைப் பூட்டும் சைடு லாக் ஹோல்டர்தான். சிறிய கட்டர் என்றால் காலெட்டையும் ஷேங்கையும் (கட்டரின் தண்டு) துடைத்துவிட்டு, ஷேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைக்கிறேன். கோடு காலெட் முகத்தைவிட்டுக் கீழே வந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

எதை நான் உறுதியாகச் சொல்கிறேன், எது ஊகம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். காலி டூல்பாத்துக்குக் காரணம் மேல் விளிம்பு என்பதில் எனக்கு ஏறக்குறைய சந்தேகமில்லை. சந்து விடுபட்டதற்கு 0.5 காரணம் என்பது கணக்கு, அதில் கருத்துக்கு இடமில்லை. கட்டர் உடைந்ததற்கு ஆர்5 மூலையும் 10 மிமீ கட்டரும் முதல் குற்றவாளிகள். ஆனால் கட்டர் எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது, கூலன்ட் போனதா வெறும் காற்றா, சிப் அடைந்திருந்ததா என்பதைப் பார்க்காமல் அது மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அலுமினியத்தில் சிப் அடைந்தால் சாதாரண சுமையிலேயே ஃப்ளூட்டில் உலோகம் ஒட்டி உடையும். உடைந்த துண்டை எடுத்துப் பாருங்கள். ஃப்ளூட்டுக்குள் வெள்ளையாக அலுமினியம் அப்பியிருந்தால் சிப்பும் கூட்டாளி. சுத்தமாக, பளபளவென்று முறிந்திருந்தால் மூலைச் சுமை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வேலையை என்னிடம் கொடுத்தால் இப்படிச் செய்வேன். ஒன்றிரண்டு பீஸ்தான் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே 8 மிமீ, மூன்று ஃப்ளூட், அலுமினியத்துக்கான கார்பைடு. அதன் வழக்கமான ஃப்ளூட் நீளம் 19 மிமீ, உங்கள் 18க்கு ஒட்டிக்கு ஒட்டி வரும். அதனால் ஸ்டாக்கில் மேலே 1 மிமீ கூடுதலாக இருந்தால் அதை முதலில் சீவி ஃபேஸ் செய்துவிடுவேன். அடி முகத்தைத் தேர்ந்து 2டி அடாப்டிவ், 10 சதவீதக் கடி, முழு ஆழம், பக்கத்தில் 0.3, அடியில் 0.2 விட்டு. 8000 ஆர்பிஎம் கிடைக்கும் மெஷினில் 1600 ஃபீடில் தொடங்குவேன். மெஷின் இலகுவானது என்றால் ஆழத்தை இரண்டாகப் பிரித்து, ஃபீடையும் குறைத்துக்கொள்வேன். ஹெலிக்ஸ் 2 டிகிரியில் இறங்கும். காற்றோ கூலன்டோ நிற்காமல் பாக்கெட்டுக்குள் அடிக்க வேண்டும். சந்தில் 8 மிமீ கட்டரின் மையம் நகர 2 மிமீக்கு மேல் இடம் இருக்கிறது, 0.3 விட்டாலும் தாராளமாக நுழையும். ஐம்பது பீஸ் என்றால் 12 மிமீயில் பெரும் பகுதியை எடுத்துவிட்டு, மூலைகளுக்கும் சந்துக்கும் மட்டும் 8 மிமீயை ரெஸ்ட் மெஷினிங்கில் (மிஞ்சியதை மட்டும் வெட்டுவது) அனுப்புவேன். 

அப்புறம் அடிக்கு 2டி பாக்கெட், 40 சதவீதம், சுவரிலிருந்து 0.3 தள்ளி. கடைசியில் சுவருக்கு 2டி கான்டூர், கிளைம்பில், அதாவது பாக்கெட்டுக்குள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், மூலைகளில் ஃபீட் குறைத்து. 8 மிமீ கட்டர் 10 மிமீயைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வளையும், ஆகவே சுவர் அடியில் சற்று பாக்கெட்டுக்குள் நீட்டி நிற்கலாம். அதே கான்டூரை இன்னொரு முறை வெறுமனே ஓட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். சிமுலேஷனில் ஹோல்டரையும் கட்டரோடு சேர்த்து வரைந்துவிட்டுப் பாருங்கள், 18 மிமீ ஆழத்தில் காலெட் நட்டு மேட்டின் தலையில் இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் பீஸை வைஸிலிருந்து கழற்றாமல் அளந்துவிடுங்கள். 120, 80 இரண்டையும்விட முதலில் அந்தச் சந்தின் அகலத்தைப் பாருங்கள், மேலே ஒரு அளவு, அடியில் ஒரு அளவு. இரண்டு இடத்திலும் 10.8 வந்தால் கழற்றலாம். அடியில் மட்டும் 10.75 என்று வந்தால் கட்டர் ஆஃப்செட்டைத் தொடாமல் கான்டூரை இன்னொரு முறை ஓட்டிவிட்டு மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.